கயிறு பிடித்தவனின் கண்

உங்கள் கால்சட்டையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் தடித்த துணி. உள்ளே நூல் நூலாக அடைத்திருக்கிறார்கள். மரம் அறுக்கிற மிஷினின் ஓடுகிற சங்கிலி பட்டால் அந்த நூல் சுற்றிக்கொண்டு மிஷினை நிறுத்திவிடும். பயிற்சிக்கு வந்த முதல் நாளே அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் அறுத்தவன். இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. கடத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேப்பங்கிளை அறுத்தபோது பிளேடின் நுனி வேறொரு கிளையில் பட்டது. மிஷின் எகிறியது. கிழித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பயிற்சி முடித்துப் புதிதாகக் கார்டு வாங்கியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்றேன். படித்தது ஐந்தாவது வரை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மிஷினை எப்படிப் பிடிப்பது, சங்கிலியை எப்போது தீட்டுவது, எங்கே நிற்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் எழுதப் போவது கார்டு இல்லாமல் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றி. அந்த ஆளாக நான் சில வருஷம் இருந்தேன்.

எங்கள் செட்டுக்கு ஒரே மிஷின். அது என் கையில் இருந்தது. கயிறு சின்னராசு கையில். அவன் என் ஊர்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். மரத்தின் உச்சியில் கயிறு கட்டி, எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் தூரத்தில் போய் நின்று இழுத்துப் பிடிப்பது அவன் வேலை.

கயிறு பிடிப்பது எடுபிடி வேலை என்று நினைப்பார்கள். அப்படியில்லை. அறுக்கிறவன் குனிந்திருப்பான். அவனுக்கு அடிமரம் மட்டும்தான் தெரியும். முழு மரமும் தெரிவது கயிற்றுக்காரனுக்கு. அவன் ஒரு தரம் "ஓய்" என்றால் நிறுத்த வேண்டும். விடாமல் கத்தினால் மிஷினைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் சட்டம் அவ்வளவுதான். மிஷின் சத்தத்தில் அந்த ஒரு குரல் மட்டும் எப்படியோ காதில் விழும். பழகிவிடும். அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை.

பயிற்சி என்ற பேச்சு வந்தபோது கான்ட்ராக்டர் என்னிடம்தான் முதலில் சொன்னார். அவரும் என் வயதுதான். நல்ல மனிதர், பொறுமை கிடையாது.

"யாராச்சும் ஒருத்தர அனுப்பணும் மாதையா. ஒரு வாரம். கார்டு குடுப்பாங்களாம்."

"நான் போறேங்க."

"நீ எதுக்குய்யா? உனக்குத் தெரியாததையா அவுங்க சொல்லித் தரப் போறாங்க? நீ ஒரு வாரம் இல்லீன்னா இங்க ஒரு மரம் சாயாது. சின்னராச அனுப்பலாம். அவன் இல்லாட்டி யாரயாச்சும் கயிறு புடிக்க வச்சுக்கலாம்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்னை விட்டால் வேலை நிற்கும் என்று முதலாளி வாயால் கேட்பது சாதாரணமா? சரிங்க என்றேன். சின்னராசுவை நானே பஸ் ஏற்றிவிட்டேன். "போய் நல்லா சாப்டுட்டு வாடா" என்று சிரித்தேன்.

அவன் வந்தபோது தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி, முகத்துக்கு முன்னால் கம்பி வலை, காதுக்கு இரண்டு பக்கமும் மூடி, கையுறை, பூட்ஸ், அந்தக் கால்சட்டை. கழுத்தில் கார்டு. அதில் அவன் போட்டோ. எங்கள் செட்டே சுற்றி நின்று பார்த்தது. ஒருத்தர், "டேய், ராக்கெட்டுல போறாப்ல இருக்குதுடா" என்றார். நானும் சிரித்தேன். மிஷின் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அடுத்த மாதம் பென்னாகரம் ரோட்டில் வேலை கிடைத்தது. ரோட்டை அகலப்படுத்த இரண்டு பக்கமும் மரம் எடுக்க வேண்டும். முதல் நாள் காலையில் நான் மிஷினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கதான் அறுக்கறதுங்களா? கார்டு காட்டுங்க."

"கார்டு அவன்கிட்ட இருக்குதுங்க."

"அவர் கார்டு எதுக்குங்க? மிஷின் புடிக்கறவரு கார்டு வேணும்."

கான்ட்ராக்டர் இடையில் புகுந்து, "சார், இவரு இருவது வருசமா அறுக்கறாருங்க. இந்தப் பக்கம் யார வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

"நான் இல்லீன்னு சொல்லலீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்ட கேப்பாங்க, ட்ரெயினிங் எடுத்த ஆளான்னு. நான் என்ன சொல்றது?"

அவர் கேட்டது சரி. இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு ரோட்டோரம் பத்துப் பேர் பார்க்க, நான் மிஷினைத் தரையில் வைத்தேன். சின்னராசு எடுக்கத் தயங்கினான். "எடுறா" என்றேன். எடுத்தான். கயிறு புளியமரத்தடியில் சுருட்டிக் கிடந்தது. போய் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் கயிறு.

பொறாமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். சோறு இறங்காது என்பார்கள். அதெல்லாம் இல்லை. சோறு நன்றாக இறங்கியது. தூக்கமும் வந்தது. கண்தான் கெட்டுப் போனது. எங்கே பார்த்தாலும் அவன்தான் தெரிந்தான். என் மிஷினை அவன் இழுத்து ஸ்டார்ட் செய்வதைப் பார்ப்பேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனால் வயிறு எரியும். ஆகாவிட்டால் கொஞ்சம் ஆறும்.

வீட்டில் ஒருநாள் சொல்லிவிட்டேன். அவன் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேகமாக அறுக்கவே முடியவில்லை, வேர்த்து ஊற்றுகிறது என்று. என் சம்சாரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, தொப்பி அவன் தலையில இருக்குது. உங்க தலை எதுக்குச் சூடாவுது?"

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவன் செய்யும் தப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தேன். மனதுக்குள்தான். மரத்துக்குப் பின்னால் குறுக்குவாட்டில் முள்ளையும் செடியையும் வெட்டி அவன் ஒரு வழி செய்வான். ஒவ்வொரு மரத்துக்கும். மரம் சாயும்போது ஓடுவதற்காம். நாங்கள் அப்படிச் செய்ததே இல்லை. நேரம் வீண் என்று வைத்துக்கொண்டேன். காது மூடி போட்டிருந்ததால் நான் ஒருநாள் "ஓய்" என்றது அவனுக்குக் கேட்கவில்லை. சின்ன விஷயம், கயிறு ஒரு கிளையில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். நான் இரண்டு தரம் கத்தினேன். அவன் பாட்டுக்கு அறுத்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காது கேட்காத மிஷின்காரன் என்று அதையும் சேர்த்து வைத்தேன்.

காது மூடியிருப்பதால் குரலுக்குப் பதிலாகப் பயிற்சியில் கைச் சைகை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்து, இழு, தளர்த்து, ஓடு, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை. அறுக்கிறவன் அடிக்கடி நிமிர்ந்து கயிற்றுக்காரன் கையைப் பார்க்க வேண்டுமாம். அது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, அதனால் அவன் என் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. அவன் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்கவில்லை என்பது உங்களுக்குப் புரியும். அவன் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தத் தைலமரம் ஒரு வளைவில் நின்றது. நல்ல உயரம். ரோட்டைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை எதிர்ப்பக்கம், காட்டுக்குள் சாய்க்க வேண்டும். உச்சியில் கயிறு கட்டி, கயிற்றை ஒரு கட்டைமரத்தின் அடியில் சுற்றி, முனையை நான் பிடித்துக்கொண்டேன். கிளை பொறுக்க வந்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். அவர்கள் இழுக்க இழுக்க, தளராமல் நான் கட்டையில் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

ரோட்டை இரண்டு பக்கமும் சிவப்புத் துணி காட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒகேனக்கல் போகிற வண்டிகள். பஸ், வேன், கார். ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர் இறங்கி வந்து, குழந்தை அழுகிறது, எவ்வளவு நேரம் என்று கத்தினார். கான்ட்ராக்டருக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே வந்து கயிற்றைப் பிடித்தார்.

"இழுங்கடா! பாதி அறுத்தாச்சுல்ல, இழுத்தாலே வந்துரும்!"

"இன்னும் கொஞ்சம் அறுக்கட்டுங்க" என்றேன்.

"அவன் அறுக்கறதுக்குள்ள விடிஞ்சிரும். நீ சுத்து!"

மூன்று பேர் இழுத்தார்கள். கயிறு கம்பி மாதிரி நின்றது. நான் சுற்றினேன். கண் மட்டும் சின்னராசு மேல் இருந்தது. வழக்கம்போலத்தான். அவன் மண்டியிட்டு, குனிந்து, பின்பக்கம் அறுத்துக்கொண்டிருந்தான். நின்ற விதம் சரி. பிடித்த விதம் சரி. ஒரு தப்பும் கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. அப்போது அவன் அறுக்கும் இடத்திலிருந்து மேலே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பட்டை உரிந்த வெள்ளை மரம். அதில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. பார்க்கும்போதே அது மேலே ஏறியது.

தைலமரம் பிளக்கும். உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அறுப்பு முடிவதற்குள் அதிகம் இழுத்தால் அடிமரம் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பின்பாதி எகிறி அடிக்கும். அறுக்கிறவன் முகமும் மார்பும் அங்கேதான் இருக்கும்.

கத்தினேன். விடாமல் கத்தினேன். கான்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.

ஓடிப் போய்த் தொட முடியாது. மிஷின் ஓடும்போது ஆளைப் பின்னாலிருந்து தொடக்கூடாது. அதற்கு நேரமும் இல்லை. கல் எறிந்தால் திடுக்கிட்டுப் பிளேடைத் திருப்பிவிடுவான். கையில் இருந்தது கயிறு மட்டும்தான்.

கயிற்றை விட்டால் மரம் பின்னால் உட்காரும். அறுத்த வாய் மூடும். பிளேடு இறுகி மிஷின் நின்றுவிடும். நின்றால் அவன் தலை நிமிர்வான். அது எனக்குத் தெரியும். அப்படிக் கயிறு தளர்ந்து எத்தனையோ தரம் என் மிஷின் மாட்டியிருக்கிறது. ஆனால் பின்னால் உட்கார்ந்த மரம் ரோட்டில் விழும். காட்டுக்குள் சாய்க்க வேண்டிய மரத்தை ரோட்டில் போட்டவன் நான் என்று ஆகும். அதோடு இன்னொன்றும் தெரியும். மிஷினைப் பறிகொடுத்தவன், பறித்தவன் அறுக்கும்போது கயிற்றை விட்டான் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று.

இதையெல்லாம் நின்று யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். எழுதும்போது வரிசையாக வருகிறது. அங்கே எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

சுற்றை உருவிவிட்டேன். கயிறு உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு போனது. இழுத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் மல்லாக்க விழுந்தார்கள். கான்ட்ராக்டர் முள்ளில் உட்கார்ந்துவிட்டார்.

மரம் ஆடியது. மிஷின் சத்தம் கம்மிப் போய் நின்றது. சின்னராசு நிமிர்ந்து வலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. வேண்டுமென்றே செய்தாய் என்ற பார்வை. அதற்கு மேல் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பல வருஷம் கயிறு பிடித்தவன். எதிரில் நிற்கிறவன் கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்தவன். அவனும் மேலே பார்த்தான்.

மிஷினை விட்டுவிட்டு ஓடினான். முள் வெட்டி வைத்திருந்த அந்த வழியில்தான். அவன் நாலைந்து எட்டு போயிருப்பான். மரம் வெடி போட்டது மாதிரி பிளந்தது. பின்பாதி எகிறி அவன் மண்டியிட்டிருந்த இடத்தில் அடித்தது. உச்சி சுழன்று ரோட்டில் விழுந்தது. மிஷின் அடியில் போய்விட்டது. ரோடு காலியாக இருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஹார்ன் சத்தமே இல்லை.

முதலில் எழுந்தவர் கான்ட்ராக்டர்.

"வயித்தெரிச்சல்ல கயித்த விட்டுட்டான்யா! மிஷின் போன ஆத்திரத்துல ஒரு உசுர எடுக்கப் பாத்தான்யா இவன்!"

என்ன சொல்வது? வயிற்றெரிச்சல் இல்லை என்று சொல்லவா? அது இருந்தது. கயிற்றை விட்டேனா? விட்டேன். இரண்டும் உண்மை. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு பொய்யை அவர் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் நம்பினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பொறாமை இருந்தால் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அது ஊருக்குத் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் நல்லது செய்தாலும் அது சூதாகத்தான் தெரியும். அந்தப் பயத்தில் கை நிற்கும். என் கையும் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அது என் பெருமை இல்லை, பழக்கம். கயிறு பிடித்தவன் தனக்குப் பிடிக்காதவனுக்கும் குரல் கொடுக்க வேண்டும்.

சின்னராசு ஓடிப் போய் விழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்தான். என்னிடம் வரவில்லை. அடிமரத்திடம் போனான். பிளந்த பாதி அவன் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவிப் பார்த்தான். பிறகு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டான்.

"இங்க வந்து பாருங்க."

"என்னடா?"

"இந்தப் பிளந்த சிம்பு எங்க இருக்குது பாருங்க. நான் எங்க மண்டி போட்டிருந்தேன் பாருங்க. அவரு விட்டதாலதான் நான் உங்ககிட்ட பேசிக்கினு இருக்கறேன். நீங்க இழுத்ததாலதான் இது பிளந்துச்சு."

கான்ட்ராக்டர் பார்த்தார். போய்ச் செருப்பைத் தேடினார். மன்னிப்பு எல்லாம் எங்கள் வேலையில் கிடையாது. மறுநாள் எனக்குத் தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தார். அவ்வளவுதான்.

இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். சின்னராசு வெட்டி வைத்த வழியைப் பார்த்தார். "ட்ரெயினிங் எடுத்தவரு, அதான் தப்பிச்சிட்டாரு" என்று அவன் தோளில் தட்டினார். அவன், "இல்லீங்க, அண்ணன்" என்று என் பக்கம் கை காட்டினான். இன்ஜினியர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி அவனோடு பேசப் போய்விட்டார்.

அவர் சொன்னதும் உண்மைதான். அந்த வழி இல்லாவிட்டால் அவன் முள்ளில் சிக்கியிருப்பான். என் பழைய முறையில் ஓட இடமே இருந்திருக்காது. அது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக எரிந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிய பத்தாவது நிமிஷம் அதே ஆளின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன். மனசு அப்படித்தான் இருக்கும். வேலை அதற்காக நிற்கக்கூடாது.

நான் கடைசி வரை கார்டு வாங்கவில்லை. அடுத்த தரம் பயிற்சி நடந்தபோது வயது அதிகம் என்றார்கள். கயிறு பிடித்தே வேலையை முடித்தேன். உங்களில் சிலரை இப்போது பார்க்கிறேன். கார்டைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறீர்கள். போங்கள். ஆனால் உங்கள் பின்னால் கார்டு இல்லாமல் ஒருத்தர் இருப்பார். வயதில் பெரியவராக இருப்பார். உங்களைவிட அதிகம் மரம் சாய்த்தவராக இருப்பார். அவருக்கு அந்தச் சைகைகளைச் சொல்லிக் கொடுங்கள். கோபித்துக்கொள்வார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். பரவாயில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மிஷினை எடுக்க வேண்டும். ஒரு செட்டில் ஒருத்தருக்கு மட்டும் பயிற்சி என்றால், அது பாதிப் பயிற்சி.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து ரோட்டோரக் கடையில் டீ குடித்தோம். என் கையில் துணி சுற்றியிருந்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சின்னராசு வாங்கி ஆற்றிக் கொடுத்தான். நானாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"அந்தக் கைச் சைகைய எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "எப்படிங்ண்ணா சொல்றது? மிஷின வாங்கிக்கினேன். அதுக்கு மேல உங்களுக்குப் பாடமும் எடுத்தா நல்லா இருக்குமா? மரியாதை இல்லீங்களே."

"மரியாதை உன்ன இன்னைக்கு மேல அனுப்பியிருக்கும்."

"தெரியுதுங்ண்ணா."

டீ பாதி தீர்ந்தது. அவன் கேட்டான்.

"நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? அவ்ளோ தூரத்துல நின்னுக்கினு, அந்தச் சின்னக் கோடு உங்க கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது? கூட மூணு பேரு இருந்தாங்க, ஒருத்தரும் பாக்கல."

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அனுபவம் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"நீ என்ன தப்பு பண்றேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல. தெனமும். நீ மிஷின எடுத்த நாள்ல இருந்து உம்மேல இருந்து கண்ண எடுக்கல."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். நான் எழுந்திருக்கப் போனேன்.

"நாளைக்கும் பாருங்கண்ணா" என்றான்.